வேனோடு வந்த ஜப்பான் அண்ணை

சிட்னியில் ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய வேனை வாங்கிய எந்தத் தமிழனும் வேனை மட்டும் வாங்கியதில்லை. ஜப்பான் அண்ணையையும் சேர்த்துத்தான் வாங்கினான். வேனுக்காவது வேண்டாம் என்று சொல்லலாம். அண்ணைக்குச் சொல்ல முடியாது.

அவர் ஜப்பானுக்குப் போனதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பார்சல் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். பென்டில் ஹில்லில் அவர் வீட்டு வாசலில் அவரே கட்டிலும் அடுப்பும் வைத்து மாற்றிய ஒரு ஜப்பானிய வேன் நிற்கும். அந்த ஒரு தகுதியில் சிட்னித் தமிழர்களின் வேன்களுக்கெல்லாம் அவர் தாய்மாமன் ஆனார். என்னைவிட வயதில் சிறியவர். ஆனாலும் எனக்கும் அவர் அண்ணைதான்.

யார் வாசலில் புது வேன் வந்து நின்றாலும் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். டார்ச் லைட்டோடு வருவார். "சுகமோ?" என்று கேட்க மாட்டார். "சேஸி நம்பர் பாடமோ?" என்பார். ஜப்பானில் ஒரே பெயரில் பத்து விதமான வேன் விற்பார்களாம். பெயரைச் சொல்லி உதிரிபாகம் வாங்கினால் பக்கத்து வீட்டு வேனுக்குத்தான் பொருந்துமாம். நானும் பயந்துபோய் சமையலறையில் நடந்தபடி மனப்பாடம் செய்தேன். என் மனைவி வசந்தா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"என் போன் நம்பர் தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது.

ஸ்ட்ராத்ஃபீல்டில் செந்தில் என்று ஒரு கோயம்புத்தூர்ப் பையன், கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். அவன் புது வேனைக் கோயிலுக்குப் பூஜைக்குக் கொண்டுபோனான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. குருக்கள் கற்பூரம் ஏற்றிவிட்டார். செந்தில் ஸ்டார்ட் செய்யப் போகும்போது கார் நிறுத்துமிடத்தின் மறுமுனையிலிருந்து ஒரு குரல்:

"ஐயா, நில்லுங்கோ! ரயர் இன்னும் பார்க்கேல்லை!"

கற்பூரம் எரிந்துகொண்டிருக்க, வேட்டியோடு தரையில் படுத்து, டயரின் ஓரத்தில் அச்சடித்திருந்த இலக்கங்களைப் படித்தார். "தம்பி, இந்த ரயர் செய்யேக்கை நீ பள்ளிக்கூடத்திலை. பார்வைக்குப் புதுசு. உள்ளுக்கை ரப்பர் செத்துப் போச்சு. சாமி காப்பாத்தும். ஆனா முதலிலை ரயரை மாத்து." செந்திலின் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. குருக்களோ பூஜை முடிந்ததும் தன் காரையும் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று அண்ணையைத் தனியாகக் கூப்பிட்டார்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். என் வேனைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு ஜப்பானியப் பெண் இனிமையாக ஏதோ சொல்வாள். என்ன சொல்கிறாள் என்று வசந்தா கேட்டாள்.

"'வணக்கம், கவனமாப் போட்டு வாங்கோ' எண்டு சொல்லுறா, தங்கச்சி" என்றார் அண்ணை, கண் இமைக்காமல்.

அன்றிலிருந்து வசந்தா அவளுக்கு "சரிம்மா" என்று பதில் சொல்லிவந்தாள். பிறகு மெல்போர்னில் இருக்கும் எங்கள் மகள் மாலா தன் ஜப்பானியத் தோழியிடம் கேட்டுச் சொன்னாள்: சுங்கச் சாவடிக் கார்டு செருகவில்லை என்கிறதாம் அந்தக் குரல். அண்ணையிடம் போய்ச் சொன்னோம். அவர் அசரவில்லை.

"அதுதானே! கார்டு இல்லாட்டி கவனமாத்தானே போகவேணும்?"

வரைபடத் திரையும் அப்படித்தான். அதில் ஜப்பான் மட்டும்தான் உண்டு; சிட்னியில் நின்றாலும் நீலக் கடலின் நடுவில் எங்கள் வேன் ஒரு அம்புக்குறியாக நிற்கும். அதற்கும் சமாதானம் வைத்திருந்தார்: "கடலுக்கை நிண்டும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்கை வரேல்லை. அவ்வளவு இறுக்கமான வண்டி!"

இனி என் கதைக்கு வருகிறேன். பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற நான், படுக்கையும் அடுப்பும் குட்டி ஃபிரிட்ஜும் பொருத்திய அந்த வேனை வசந்தாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிவிட்டேன். அவளுக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கிறேன் என்று நினைத்தேன். அதிர்ச்சிதான் கிடைத்தது. மாலாவுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேனிலேயே மெல்போர்ன் போய்விடலாம் என்றேன்.

"நான் ஃப்ளைட்ல போறேன். நீங்க உங்க ஜப்பான்காரியோட வாங்க" என்றாள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. போனால் மகளோடேயே தங்கிவிடுவேன் என்றும் சொன்னாள். அதுவும் விளையாட்டில்லை.

அண்ணையிடம் முறையிட்டேன். அவர் எல்லாருக்கும் வைக்கும் பரீட்சை ஒன்று உண்டு. ஊருக்குப் புறப்படுமுன் ஒரு சனிக்கிழமை முழுக்க, சொந்த வீட்டு வாசலில் நிறுத்திய வேனுக்குள் குடும்பம் நடத்த வேண்டும். சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேதான். எதற்கும் வீட்டுக்குள் போகக் கூடாது. "பாஸ் எண்டால் தங்கச்சி உங்களோடை வருவா. ஃபெயில் எண்டால் பிளேன். சம்மதமோ?" வசந்தா உடனே சம்மதித்தாள். நான் தோற்பேன் என்று அவளுக்கு அத்தனை நம்பிக்கை.

அந்தச் சனிக்கிழமை அண்ணை எங்கள் வீட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மரத்தடியில் ஒரு கதிரையைப் போட்டு, பிளாஸ்கில் தேத்தண்ணியோடு உட்கார்ந்தார்.

நாங்கள் செய்யாத தவறில்லை. அடுப்பு இருக்கும்போதே ரைஸ் குக்கரை வேனின் பேட்டரியில் சொருகினேன். அரிசி ஊறும் முன்னே பேட்டரி உயிரை விட்டது. ஃபிரிட்ஜும் கூடவே போனது. அதற்குள் வைத்த இட்லி மாவு சிட்னி வெயிலில் பொங்கி, டப்பாவைத் திறந்து, தானாகவே வெளியே வந்தது. சரி என்று கேஸ் அடுப்பில் பிரஷர் குக்கர் வைத்தோம். கொசு வருமென்று ஜன்னலெல்லாம் மூடியிருந்தோம்.

"ஜன்னலைத் திறவுங்கோ! அடுப்பெரியேக்கை காத்து வேணும்! இஞ்சினியர், உங்களுக்கு ஆர் வேலை தந்தது?"

நான் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினேன். "அண்ணை, மூக்குக் கண்ணாடி வீட்டுக்குள்ள இருக்கு."

"மெல்போர்ன் போற வழியிலை, கோல்பேர்னிலை நிண்டு இப்பிடிக் கேப்பியளோ?"

பக்கத்து வீட்டு வெள்ளைக்கார முதியவர் வேலியோரம் வந்தார். மனைவி என்னைத் துரத்திவிட்டாள் என்று நினைத்து, தன் வீட்டுச் சோபாவைத் தருவதாகச் சொன்னார். மனைவி உள்ளேதான் இருக்கிறாள் என்றதும் இன்னும் கவலைப்பட்டார். அண்ணை எழுந்து, "நோ ஹெல்ப்! டெஸ்ட்!" என்று அவரைத் திருப்பி அனுப்பினார்.

உள்ளே வசந்தா சிரிக்கவில்லை. மாவைத் துடைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் அவள் இப்படி ஆரம்பித்தால் நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். திருமணமான நாளிலிருந்து அதுதான் என் வழக்கம். வேனில் அடுத்த அறை கிடையாது.

"கல்யாணமான புதுசுல கொடைக்கானல்னீங்க. அப்புறம் ப்ரமோஷன் வரட்டும்னீங்க. இங்க வந்தா வீட்டு லோன். ரிடையர் ஆனா இது. எனக்குப் பயமா இருக்கான்னு ஒரு தடவை கேட்டீங்களா?"

"எதுக்குப் பயம்? வண்டி நின்னுடும்னா?"

"வண்டி நின்னா யாராவது வந்து எடுத்துடுவாங்க. வண்டி நின்னதும் நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் பேசாம இருப்பீங்களே, அதுக்குத்தான்."

குக்கர் விசிலடித்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

"தப்புதான்" என்றேன்.

"எது?"

"எல்லாம்."

"எல்லாம்னு சொல்லித் தப்பிக்கப் பாக்காதீங்க. ஒண்ணொண்ணா சொல்லுங்க."

சொன்னேன். நேரம் ஆயிற்று. எனக்கு மறந்துபோனவற்றை அவள் எடுத்துக் கொடுத்தாள். நடுவில் ஜன்னல் வழியே பார்த்தேன். அண்ணை தன் கதிரையைத் திருப்பிப்போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

குழைந்துபோன சாதத்தை ஊறுகாயோடு சாப்பிட்டோம். மூன்றாவது தட்டை அண்ணைக்கு வசந்தாவே கொண்டுபோய்க் கொடுத்தாள். நாள் முடியக்கூட இல்லை; அவர் சாவியை எடுத்து நீட்டினார்.

"பாஸ்."

"பேட்டரி செத்துப் போச்சே, அண்ணை?"

"பற்றரி மாத்தலாம், இஞ்சினியர்."

வசந்தா கேட்டாள்: "உங்க வேன் எங்கெல்லாம் போயிருக்கு, அண்ணா?"

"பென்டில் ஹில்லிலையிருந்து பிளாக்டவுன். பிறகு பிளாக்டவுனிலையிருந்து பென்டில் ஹில்."

"அவ்வளவுதானா?"

"எங்கடை டெஸ்ட் ஃபெயில், தங்கச்சி. என்ரை மனுசி மத்தியானத்துக்கு முதலே இறங்கிப் போட்டா. இப்ப கனடாவிலை, தன்ரை தங்கச்சியோடை." சோற்றைப் பிசைந்தார். "அவ ஏதோ சொல்ல வந்தவ. நான் ரயரைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தனான்." பிறகு பெரிதாகச் சிரித்தார். "அங்கை அவ ஓட்டுறதும் வேன்தானாம்!"

நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. வசந்தா என்னைப் பார்த்தாள். இந்த முறை கேட்காமலே எனக்குப் புரிந்தது.

"பின்னால ஒரு சீட்டு சும்மாதானே இருக்கு, அண்ணா" என்றாள். "மெல்போர்னுக்கு எங்ககூட வாங்க."

"விசர் பிடிச்சிட்டுதோ உங்களுக்கு? எனக்கு ஆயிரம் வேலை" என்றார். புறப்படும் நாளன்று விடிவதற்குள் பையோடு எங்கள் வாசலில் நின்றார்.

நெடுஞ்சாலையில் ஏறும்வரை அவர் வாய் ஓயவில்லை. ஆயில், பிரேக், வேனுக்குள் படுக்கையும் அடுப்பும் பொருத்தியதை இன்சூரன்ஸ்காரனிடம் சொன்னேனா, ஏன் சொல்லவில்லை. பிறகு குரல் மெல்ல இடைவெளி விட ஆரம்பித்தது. கோல்பேர்ன் வருவதற்குள் நின்றுபோனது. கண்ணாடியில் பார்த்தேன். வாய் திறந்தபடி, சிறு பிள்ளைபோல் தூங்கிக்கொண்டிருந்தார். குலுங்கும்போதெல்லாம் தலை ஜன்னலில் இடித்தது.

"மெதுவாப் போங்க" என்று வசந்தா கிசுகிசுத்தாள்.

லாரிகளெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போயின. போகட்டும் என்று எண்பதிலேயே ஓட்டினேன்.