அஜீஷுக்கு ஒரு மாஷ்

ஏழாவது வரியில் அஜீஷ் தடுமாறவில்லை. அதுதான் பிரச்சினை.

தடுமாறியிருக்க வேண்டும். அந்த வரியில் இருந்த மூன்றை முந்தின நாள் சாயங்காலம் பத்மகுமார் தன் கையாலேயே நாலாக மாற்றி வைத்திருந்தான்.

சாலைக் கடைத்தெருவில் ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் ராகேல் மிஸ்ஸின் யுகுலேலே, அதாவது குட்டி கிதார் வகுப்பு. செவ்வாய், வியாழன், சனி, மாலை ஆறரைக்கு. மிஸ் ஒரு பாட்டைச் சொல்வார். யாராவது ஒருவர் இணையத்தில் தேடி அதன் 'டேப்'பை எடுத்து வகுப்பின் பொது ஃபோல்டரில் போட வேண்டும். நாலு கம்பிக்கு நாலு கோடு, கோட்டின் மேல் எண்கள். எந்தக் கம்பியில் எத்தனையாவது ஃப்ரெட் கட்டத்தில் விரலை அழுத்த வேண்டும் என்பதை அந்த எண் சொல்லிவிடும். சங்கீதம் தெரியாதவனும் எண்ணத் தெரிந்தால் வாசிக்கலாம். அந்த 'யாராவது ஒருவர்' எப்போதும் பத்மகுமார்தான். கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அவனுக்கு டெஸ்ட்டிங் வேலை. ஊரான் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது பகல் நேரத் தொழில். தப்பை உண்டாக்கியது இதுவே முதல் தடவை.

பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் ஏழாவது வரியில் ஒரே நேரத்தில் அந்த நாலை அழுத்தினார்கள்.

"நிறுத்து, நிறுத்து!" ராகேல் மிஸ் காதைப் பொத்திக்கொண்டார். "எந்தா இது? மழைப் பாட்டு சொன்னா பஸ் பிரேக் போடறீங்க?"

"டேப்ல அப்படித்தான் மிஸ் இருக்கு" என்றாள் முதல் நாற்காலி மீனு. "நாலுன்னு போட்டிருக்கு."

"அப்போ அஜீஷ் மட்டும் எப்படி சரியா வாசிச்சான்?"

எல்லாரும் அஜீஷைப் பார்த்தார்கள். குழாய்க் கடையில் வேலை பார்க்கும் அந்த இருபத்திரண்டு வயதுப் பையன் ஏதோ திருடிவிட்டவன் மாதிரி நெளிந்தான். "எனக்கு இப்படித்தான் மிஸ் வருது."

"கண்டோ!" மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. "எழுதினது தப்பு. ஆனா காது விடல. இதாணு சங்கீதம். இந்த டேப் யார் போட்டது?"

போட்டவர் பெயரை அடியில் எழுதுவது ஃபோல்டரின் வழக்கம். பத்மகுமார் ஒருநாளும் மறந்ததில்லை. தேதியும் நேரமும் சேர்த்தே எழுதுவான்.

"பத்மண்ணா" என்று மீனு சத்தமாகப் படித்தாள். "திங்கள், சாயங்காலம் ஆறு பதினேழு."

"பாவம், டைப் அடிக்கறப்ப கை தவறியிருக்கும் மிஸ்" என்றான் அஜீஷ்.

அவன் பரிந்து பேசியதுதான் பத்மகுமாருக்கு அதிகம் எரிந்தது. அஜீஷ் வகுப்பில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. பத்மகுமார் சேர்ந்து ஒரு வருஷம். வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வகுப்பின் ஆண்டு விழா. மேடையில் ஒருவர் மட்டும் தனியாக மூன்று நிமிஷம் வாசிக்கலாம். யார் என்பதை மிஸ் சனிக்கிழமை சொல்வார். இதில் பத்மகுமார் ஒரு அவசரக் காரியம் செய்திருந்தான். போன வாரம் போனில் அம்மாவிடம், "தனியா வாசிக்கறது அநேகமா நான்தான்" என்று சொல்லிவிட்டான். அம்மா முத்தாரம்மாள் அந்த 'அநேகமா'வை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? சொந்த ஊர் கோட்டாற்றில் பதினாலு சீட்டு வண்டி ஒன்றைப் பேசி, சீட்டுக்கு ஆளும் நிரப்பிவிட்டாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் டைரியில் எழுதினான்.

'1. அஜீஷிடம் வேறு டேப் இருக்கிறது. 2. அல்லது அவனுக்கு உண்மையிலேயே திறமை இருக்கிறது. (சாத்தியமில்லை.) 3. எனக்கு இல்லை. (சாத்தியம்.)'

மூன்றாவதை அடித்தான். பிறகு அடித்ததன் மேலேயே மறுபடி எழுதினான்.

வியாழக்கிழமைப் பாட்டு ஒரு தாலாட்டு. இந்தத் தடவை ஒரு இடம் போதாது என்று மூன்று இடத்தில் எண்ணை மாற்றினான். அடியில் தன் பெயருக்குப் பதிலாக, ஊர்ப் பெயரைச் சேர்த்து 'அனந்தபுரி அண்ணன்' என்று போட்டான். சரியான எண்கள் அவனுடைய டைரியில் பத்திரமாக இருந்தன. அதைப் பார்த்து விடியற்காலையில் தன் மூன்றாம் மாடி அறையில் ஒரு மணி நேரம் பழகிக்கொண்டான். ஊரே தப்பாக வாசிக்க, தான் மட்டும் சரியாக வாசிக்கும் காட்சியை நினைத்தபோது விரல்கள்கூட கொஞ்சம் வேகமாக ஓடின.

வகுப்பில் தாலாட்டு முதல் வரியிலேயே குழந்தையை எழுப்பிவிட்டது. இரண்டாவது தப்பில் மீனு சிரிக்க ஆரம்பித்தாள். மூன்றாவதில் எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள். கடைசிவரை சரியாக வாசித்தவர்கள் இரண்டு பேர். பத்மகுமாருக்கு வகுப்பில் கம்பியை அழுத்தித் தட்டத் தைரியம் வராது. அவன் வாசிப்பது பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது. அதனால் மிஸ்ஸின் காதில் விழுந்தது ஒருவன் வாசிப்புதான்.

"அஜீஷ்! பின்னயும் நீயா!" மிஸ் கைதட்டினார். "கேட்டோ எல்லாரும், இனி இந்தப் பாட்டுக்கு டேப் வேண்டாம். அஜீஷ் வாசிக்கறதைக் கேட்டு வாசிங்க. அஜீஷ், நாற்காலியை எடுத்து இங்க நடுவுல போடு."

அஜீஷின் நாற்காலி நடுவுக்கு வந்தது. மற்ற பதினொரு நாற்காலிகளும் அதைச் சுற்றி வட்டமாக நகர்ந்தன. ஒரு வருஷமாக இரண்டாம் வரிசையில் இருந்த பத்மகுமார் இப்போது அஜீஷின் முதுகுக்குப் பின்னால் இருந்தான்.

"பத்மன்" என்று கூப்பிட்டார் மிஸ். "நீ டெஸ்டர் அல்லே? ஃபோல்டரை முழுசா செக் பண்ணி எல்லாம் சரியாக்கு. சனிக்கிழமை வள்ளப் பாட்டு. அதுக்கு நல்ல டேப் ஒண்ணு தேடிப் போடு. அந்த அனந்தபுரி அண்ணன் யாருன்னும் கண்டுபிடி. கையில கிடைச்சா அவனை நான் ஒரு வழி பண்றேன்."

"சரி மிஸ்" என்றான் அனந்தபுரி அண்ணன்.

வள்ளப் பாட்டு என்ற அந்தப் படகுப் பாட்டுக்கு இணையத்தில் பதினொரு டேப் இருந்தது. ஒன்றின் பெயர் 'சரியானது'. அடுத்தது 'இதுதான் சரியானது'. மூன்றாவது 'மேலே உள்ள இரண்டையும் நம்பாதீர்கள்'. அடியில் ஆளுக்கு ஆள் சண்டை. துபாயிலிருந்து ஒருவரும் கொட்டாரக்கரையிலிருந்து ஒருவரும் ஒரே ஒரு இரண்டுக்காக மூன்று வருஷமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். பத்மகுமார் பதினொன்றையும் அட்டவணை போட்டு ஒப்பிட்டான். எதுவும் எதோடும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் அதிக நட்சத்திரம் வாங்கிய ஒன்றை எடுத்தான். அதன் முடிவில் இரண்டாவது ஃப்ரெட்டிலிருந்து ஏழாவதுக்கு விரல் வழுக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இதுவரை கேட்ட எந்த வள்ளப் பாட்டிலும் அவன் அதைக் கேட்டதில்லை. தனக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கும் என்று தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் காலையில் அந்த வழுக்கலை நாற்பது நாற்பது தடவை வாசித்தான்.

டேப்பை ஃபோல்டரில் மட்டும் போடவில்லை. போடாமல் இருப்பது ஏமாற்று ஆகாது, தாமதம்தான் என்று டைரியில் காரணம் எழுதினான். சனிக்கிழமை அஜீஷின் கையில் எந்த டேப்பும் இருக்காது. பார்க்கலாம்.

சனிக்கிழமை மிஸ் முதலில் அஜீஷைக் கூப்பிட்டார்.

அஜீஷ் வாசித்தான். படகு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரியில் அவன் விரல் இரண்டிலிருந்து ஏழுக்கு வழுக்கிக்கொண்டு போனது.

டேப்பைத் தவறி ஃபோல்டரில் போட்டுவிட்டோமோ என்று பத்மகுமார் போனைத் திறந்து பார்த்தான்; போடவில்லை.

"அய்யோ!" மிஸ் எழுந்தே விட்டார். "அந்த முடிவு! அது பாட்டிலயே இல்லியே அஜீஷ்! துடுப்பை வெள்ளத்திலிருந்து எடுத்த மாதிரி… அடிபொளி! பத்மன், அடுத்தது நீ."

பத்மகுமாருக்கு வேறு முடிவு தெரியாது. எண்பது தடவை பழகிய கை அவன் பேச்சைக் கேட்கவும் இல்லை. இரண்டிலிருந்து ஏழுக்கு வழுக்கியது.

எல்லாரும் அஜீஷையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"ஜெராக்ஸ்" என்றாள் மீனு.

"பத்மன்" என்றார் மிஸ், ரொம்ப மென்மையாக. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. "ஒருத்தர் கற்பனையா சேர்த்ததை அப்படியே காப்பி அடிக்கக் கூடாது. ஆசை எல்லாருக்கும் உண்டு. உனக்குன்னு ஒரு வழி வேணும், இல்லே? ஞாயிற்றுக்கிழமை அஜீஷ் வாசிக்கட்டும்."

படி இறங்கும்போது அஜீஷ் பின்னாலேயே ஓடி வந்தான். "பத்மண்ணா, கோவமா?"

"எனக்கென்ன கோவம்?" என்றான் பத்மகுமார். பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். "உண்மையைச் சொல்லு. எந்த சைட்டுல டேப் எடுக்கறே?"

"டேப்பா?" அஜீஷ் சிரித்தான். "அந்த நம்பரைக் கண்டாலே எனக்குத் தலை சுத்தும்ணா. சேர்ந்த அன்னிலேருந்து ஒரு தடவைகூட அந்த ஃபோல்டரைத் திறந்ததில்ல."

"பின்ன எப்படி வாசிக்கறே?"

அஜீஷ் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "மிஸ்கிட்ட சொல்லிராதீங்க, வருத்தப்படுவாங்க. எங்க வீட்டுப் பக்கம் ஒரு மாஷ் இருக்கார். வித்வான்ணா வித்வான்! காலைல அஞ்சரைக்கு ஆரம்பிப்பார். ஒரு வரி சரியா வரலேன்னா விடவே மாட்டார், நாப்பது தடவை. எனக்கு வர்றதெல்லாம் அவர் போட்ட பிச்சை."

ஆக, அப்படித்தானா! பத்மகுமாருக்கு உலகமே தெளிவானது. மாஷ் என்கிற அந்த வாத்தியாரும் இணையத்தில் அதிக நட்சத்திரம் வாங்கிய டேப்பைத்தான் எடுத்திருக்கிறார். தான் ஒற்றையாளாக அட்டவணை போட்டு மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இந்தப் பயலுக்குப் பெரிய வித்வான் ஒருவர் பாட்டை ஊட்டியே விட்டிருக்கிறார். பொறாமை அஜீஷின் மேலிருந்து இறங்கி, முகம் தெரியாத அந்த மாஷிடம் போய் ஏறியது. எனக்கு ஏன் ஒருத்தர் இப்படிக் கிடைக்கவில்லை?

"என்னையும் சேர்த்துப்பாரா?" கேட்டபோது அவன் குரல் அவனுக்கே பிச்சைக்காரன் குரல் மாதிரி இருந்தது.

"அவர் யார்கிட்டயும் பேசற ஆள் இல்ல. ஆனா நாளைக்குக் காலைல வந்து பாருங்க. அந்த வாசிப்பைப் பக்கத்துலேருந்து கேட்டாலே போதும், கை தானா வரும். ரெண்டு பேரும் ஒண்ணா வாசிக்கறோம்னு நான் மிஸ்கிட்ட கேக்கறேன். உங்க அம்மா எல்லாம் வர்றாங்கள்லே?"

பதினாலு சீட்டு வண்டி பத்மகுமாரின் கண்முன் வந்து நின்று ஹாரன் அடித்தது. "வர்றேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பழகுவதை விட்டுவிட்டு, குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, ஐந்தே காலுக்கு ஸ்கூட்டரைக் கிளப்பினான். மாஷுக்குக் கொடுக்க ஒரு சீப்பு பழம் வாங்கிக்கொண்டான். அஜீஷ் அனுப்பிய லொக்கேஷன் அவனைக் கிள்ளிப்பாலம் வழியாக ஆற்றின் மறுகரைக்குக் கொண்டுபோய், இரண்டு ஒற்றையடிச் சந்துகளில் திருப்பி, ஒரு சின்ன ஓட்டுவீட்டின் முன்னால் நிறுத்தியது. மணி ஐந்து முப்பத்தைந்து.

கதவைத் திறந்தது அஜீஷின் அம்மா செல்லபாய். "பத்மன்தானே? வாங்க பிள்ளே. அவன் பால் வாங்கப் போயிருக்கான், இப்ப வந்துருவான். பழமெல்லாம் எதுக்கு?"

"மாஷுக்கு" என்றான் பத்மகுமார். "நான் லேட்டா? ஆரம்பிச்சுட்டாரா?"

"அதான் பிள்ளே தெரியல. இன்னிக்கு இன்னும் சத்தத்தையே காணோம்."

வீட்டுக்குள்ளே நடத்திக் கொல்லைப்புறம் அழைத்துப் போனாள். ஆற்றங்கரையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆற்றைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. ஆறு என்று பெயர்தான். நாலு லாரியைக் குறுக்கே நிறுத்தினால் மறுகரை வந்துவிடும். அந்தக் கரையில் ஒரு மாடிக் கட்டிடம் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. குழாயும் பாசியும் ஏசிப் பெட்டியுமாக, எல்லாக் கட்டிடங்களின் முதுகையும் போல.

"மாஷ் வீடு எது?"

"அந்தா, மூணாம் மாடி. ஜன்னல் தொறந்து கெடக்கு பாருங்க. அங்கேருந்து அவரு வாசிப்பாரு, இங்க உட்காந்து எம்மவன் பிடிப்பான். முகத்தைப் பார்த்ததில்ல, ஒரு வார்த்தை பேசினதில்ல. தூரத்துலேருந்தே கும்புட்டுக்குவான்."

பத்மகுமார் மாடிகளை எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. ஜன்னல் கம்பியில் நீலக் கோடு போட்ட சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. தன்னிடமும் அதே மாதிரி ஒன்று இருப்பதில் அவனுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டாயிற்று.

"ரொம்பக் கண்டிப்பானவரோ?" என்று கேட்டான்.

செல்லபாய் பழச்சீப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"அதை ஏன் கேக்கறீங்க பிள்ளே! அவருக்கிட்ட அஜீஷ்ங்கிற பேருலயே இன்னொரு சிஷ்யன் இருக்கான் போல. வரி ஒண்ணு பிசகினா போதும், 'ஏலே அஜீஷ், நீ வெளங்கவே மாட்டேலே'ன்னு இந்தக் கரை வரைக்கும் கேக்கற மாதிரி ஏசுவாரு. மாஷ் வாயால அப்படித் தெனமும் ஏச்சு வாங்க அந்த அஜீஷ் என்ன குடுத்து வச்சிருக்கணும்னு, எம்மவனுக்கு அவன் மேல ஒரே பொறாமை!"