சுருளர் வீட்டுக் கைப்பிடி

சுருளருக்கு இந்த உலகத்தில் இரண்டு வகை மனிதர்களைத்தான் தெரியும். இடுப்புக்குக் கீழே கால் உள்ளவர்கள் ஒரு வகை. இடுப்புக்குக் கீழே இலை உள்ளவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையோடுதான் அவருக்குப் பழக்கம் அதிகம்.

ஆக்லாந்து நகர மையத்தில் என்னோடு ஒரே அலுவலகத்தில் காப்புறுதி வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர். ஆனால் மூச்செல்லாம் ஐரோப்பாவின் பரோக் கால அலங்காரப் படங்கள். செப்புத் தகட்டில் கோடு கோடாக வெட்டி, மை பூசிக் காகிதத்தில் ஒற்றி எடுத்தவை. அவற்றில் ஒரு பெண் இடுப்புவரை பெண்ணாக வருவாள். பிறகு என்ன நினைப்பாளோ, இலையாகச் சுருண்டு, கொடியாக ஓடி, பக்கத்துச் சிங்கத்தின் வாலாக முடிவாள். தலையில் ஒரு முடிகூட இல்லாத மனிதருக்குச் சுருளர் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரம், மணவறைக்குப் பின்னாலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சுருளர் தரையில் படுத்து, வாடகைக்கு எடுத்த மணவறைத் தூணில் இருந்த யாளியை டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, எழும்புங்கோ. ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார்,” என்றேன்.

“பொறு தங்கச்சி. இந்த வால் எந்த இடத்தில இலையா மாறுதெண்டு செய்தவனுக்கே தெரியேல்லை. கல்யாணம் எங்கையும் ஓடாது.”

போன வருடம், சிவப்பு விளக்கில் நிற்காத லொறி ஒன்று எங்கள் காரில் மோதியது. ஓட்டிய எனக்குக் கீறல்கூட இல்லை. பக்கத்தில் இருந்த மகளின் கால் எலும்பு முறிந்து, உள்ளே உலோகத் தகடு வைத்தார்கள். கால் தேறியது. ஆனால் அவள் மறுபடி காரில் ஏற மறுத்தாள். நானும் வற்புறுத்தவில்லை; சாவியை எடுப்பதும் திரும்ப ஆணியில் மாட்டுவதுமாக இருந்தேன். இப்படியே இருவரும் வீட்டுக்குள் இருந்துவிடுவோமோ என்று பயந்தேன். கேக்கோடு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் அவள் காலைத்தான் பார்த்தார்கள்.

சுருளர் பார்க்கவில்லை. தன் படத் தாள் ஒன்றை அவள் மடியில் விரித்தார்.

“பிள்ளை, இதில எத்தினை பேர் ஆடுகினம், குழல் ஊதுகினம் பார். ஒருத்தருக்கும் கால் இல்லை.”

நான் தேநீர்த் தட்டைப் பொத்தென்று வைத்தேன். “அண்ணை, என்ன கதை இது?”

“உள்ளதைத்தானே கதைக்கிறன். எத்தினையோ வருசமாப் பாக்கிறன், ஒரு பாதம் இல்லை.”

மகள் தாளை முகத்தருகே கொண்டுபோனாள். தேநீர் ஆறும்வரை நிமிரவில்லை.

“அங்கிள், யூ ஆர் ராங். இந்த இலைக்குப் பின்னால விரல் இருக்கு.”

சுருளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கொடிக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டித் தேவதையின் பாதம் எட்டிப் பார்த்தது.

“அப்ப மற்றத் தாள்களிலயும் இருக்குமோ?” சொத்தைப் பறிகொடுத்தவர் மாதிரிக் கேட்டார். “பிள்ளை, நீ வந்துதான் பாக்க வேணும்.”

“இங்க கொண்டு வாங்கோவன்,” என்றேன்.

“மழைக்காலம் தங்கச்சி. அந்தத் தாள்களை ரானுயி வீட்டை விட்டு வெளியில எடுக்க ஏலாது.”

அப்படியானால் இந்தத் தாள் எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை மகள் காரருகே போய் நின்றாள். “அம்மா, லெட்ஸ் கோ. மெதுவா ஓடுங்கோ.”

மோட்டர்வேயைத் தவிர்த்து, பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹோர்ன் அடிக்க, ரானுயி போய்ச் சேர்ந்தோம்.

சுருளர் வீட்டுப் படியில் ஒரு மரக் கைப்பிடி இருந்தது. முன்பு வந்தபோது நான் அதைக் கண்டதில்லை. கொஞ்சம் கோணல். நுனி மட்டும் இலை போலச் சுருண்டிருந்தது. மகள் அதைப் பிடித்து ஏறினாள்; பின்னால் நானும்.

“எப்ப அண்ணை இது போட்டனீங்கள்?”

“அது எப்பவும் இருக்கிறதுதானே.”

அதன் பச்சைப் பெயின்ட் அப்போதும் காய்ந்திருக்கவில்லை. திரும்பும் வழியில் என் கையிலிருந்து ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டது. நான் அதை இன்னும் துடைக்கவில்லை.