தூங்கினால்தான் சோதனை

“பாப்பா தூங்கினாத்தான் டெஸ்ட்” என்று டாக்டரம்மா சொன்னதுதான் தாமதம், தையற்காரரின் சின்ன மகள் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டாள்.

இரட்டைப் பெண் குழந்தைகள். பிறந்ததும் செய்த காது சோதனையில் பெரியவள் தேறிவிட்டாள்; சின்னவளுக்கு மட்டும் சந்தேகம். அன்றிலிருந்து தையற்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

“காதுல சத்தம் விடுவோம். அது மூளைத்தண்டு வரைக்கும் ஒழுங்காப் போகுதான்னு மெஷின் அலையாக் காட்டும். அசைஞ்சா, அழுதா எல்லாம் கெட்டுடும்.”

தையற்காரர் தோளில் போட்டு ஆட்டினார். தூங்கினாள். நெற்றியில் ஒயரை ஒட்டியதும் விழித்து, பிய்த்து எறிந்தாள்.

பால் கொடுத்தார். சொக்கினாள். சந்தோஷத்தில் முதுகில் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டிவிட்டார். குடித்ததெல்லாம் டாக்டரம்மாவின் கோட்டின் மேல்!

“ஐயோ, மன்னிச்சுக்கங்கம்மா!”

“துவைச்சா போச்சு. ஒயரெல்லாம் துடைச்சு வைக்கிறேன். பாப்பாவை வெளிய அவ அம்மாகிட்ட குடுங்க, தூங்கினதும் தூக்கிட்டு வாங்க.”

முகம் சுளிக்காத அந்தப் பொறுமையைக் கண்டு தையற்காரர் உருகிப்போனார். இவர் மனுஷியே இல்லை, தெய்வம்.

குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தவர், கொஞ்ச நேரம் கழித்து வெளியே எட்டிப் பார்த்தார். பெஞ்சில் மைத்துனன். மடியில் பூப்போட்ட கவுனில் குழந்தை. ஒரே துணியில் அவரே அரை டஜன் தைத்துத் தள்ளிய கவுன்.

“தூங்கிட்டாளா?”

“அசந்து தூங்கறா மாமா.”

அவ்வளவுதான், அலுங்காமல் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

டாக்டரம்மாவின் விரல்கள் குழந்தைக்கே தெரியாமல் ஒயர்களை ஒட்டின. எத்தனையோ பேருக்குத் தையல் ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் தையற்காரர். இப்படி ஒரு கையை அவர் பார்த்ததில்லை. திரையில் அலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

“பாருங்க, ரொம்ப மெல்லிய சத்தத்துக்குக்கூட எவ்வளவு அழகா வருது! ரெண்டு காதும் அருமையா இருக்கு. கவலையை விடுங்க.”

தையற்காரர் வாய்விட்டே அழுதுவிட்டார். “நீங்க நல்லா இருக்கணும்மா!”

கதவு திறந்தது. சிணுங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் மனைவி கடுகடுவென்று நின்றாள்.

“பெரியவளை எதுக்குங்க இங்க படுக்க வச்சிருக்கீங்க? இவ கண்ணு சொருகும்போதெல்லாம் எவனாவது கதவைப் படார்னு சாத்திடறான், உடனே திடுக்குனு முழிச்சுக்கறா. நான் எப்படித் தூங்க வைக்கறது?”