நிமிசம் அண்ணையும் ஆடுகிற வாங்கும்

தோற்றுப்போன ஆட்டம் ஒன்றை வருடா வருடம் பிசகில்லாமல் தோற்பதற்கு ஆட்களைப் பழக்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் நிமிசம் அண்ணை. ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார், ஹவுகன்ஸ்டுவாவில் குடியிருக்கிறார். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு நிச்சயம் இருக்கும். அதை அவருக்குச் சம்பளம் போடுகிறவர்களிடம்தான் கேட்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த கல்லூரியின் உதைபந்தாட்ட அணி தொடர்ந்து மூன்று வருடம் இறுதிப் போட்டிக்குப் போனது. மூன்று வருடமும் ஒரே ஒரு கோலால் தோற்றது. மானமுள்ளவர்கள் என்றால் மறந்திருப்பார்கள். நாங்கள் நாடு விட்டு நாடு வந்தும் மறக்கவில்லை. பழைய மாணவர் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால், அது கலியாண வீடோ செத்த வீடோ, சோடா உடைப்பதற்கு முன்பே பேச்சு அந்த மூன்றாவது இறுதிப் போட்டியில் போய் நிற்கும். "முப்பதாம் நிமிசம் குகன் ஒண்டு அடிச்சானெல்லோ, கம்பத்திலை பட்டது" என்று யாராவது தொடங்கினால் மூலையிலிருந்து ஒரு குரல் வரும்.

"முப்பத்தொண்டு."

அதுதான் நிமிசம் அண்ணை. கல்லூரியில் என்னைவிட ஒரு வகுப்பு மேலே. தகப்பனின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு மைதானத்து மதிலோரம் இருந்து, நிமிடத்துக்கு ஒரு வரியாக ஆட்டம் முழுவதையும் கொப்பியில் எழுதிவைத்தவர். ஊரைவிட்டு வரும்போது எல்லோரும் நகையையும் காணி உறுதியையும் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தோம். அவர் கொப்பியைக் கட்டிக்கொண்டு வந்தார். இங்கே வந்து இறங்கியதும் விசாரித்த அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். '47 – குகன் – வலது கால். 52 – பரமன் – நெஞ்சு' என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. இவர்கள் எல்லாம் காயப்பட்டவர்களா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாராம். "ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. தோத்துப்போனம், அவ்வளவுதான்" என்றாராம் அண்ணை. அதிகாரி கொப்பியை மெதுவாக மூடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாராம்.

குகன் தலையால் இடித்துக் கோல் போட்டது இருபத்து மூன்றாவது நிமிடம். அதனால் மணி எதுவானாலும் இருபத்து மூன்றாவது நிமிடம் வந்தால் அண்ணையின் முகம் மலரும். அவருடைய கலியாணத்தில் ஐயர் சொன்ன முகூர்த்தம் பத்துப் பதினேழு. மாப்பிள்ளை தாலியைக் கையில் ஏந்தியபடி ஆறு நிமிடம் அப்படியே இருந்தார். மேளக்காரர் கெட்டிமேளத்தை இரண்டு தரம் வாசித்து ஓய்ந்துபோனார். பெண்ணின் தகப்பன் வேர்த்துக் கொட்டி, தம்பிக்கு மனம் மாறிவிட்டதோ என்று எங்கள் பக்கம் ஓடிவந்தார். நான்தான் சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

இதெல்லாம் சகித்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் அவர் எங்களையெல்லாம் வெஸ்ட்லிப் பக்கத்துப் புல்வெளி ஒன்றுக்கு வரவழைத்து, அந்த மூன்றாவது இறுதிப் போட்டியைத் திரும்ப ஆடவைப்பார் பாருங்கள், அதுதான் கொடுமை. முழு எழுபது நிமிடமும் இல்லை, உடம்பு தாங்காது. முக்கியமான நிமிடங்கள் மட்டும். எதிரணிக்கு யார் வந்தாலும் சரி, பற்றீசும் ரோல்சும் சாப்பிட வந்த எவனும் நிற்கலாம். எங்கள் அணி மட்டும் அன்றைக்கு ஆடிய அதே ஆட்கள், அதே இடம், அதே பிழை. யாராவது ஆர்வக் கோளாறில் கூடுதலாக ஒரு கோல் போட்டுவிட்டால் விசில் ஊதுவார்.

"வெல்லுறதுக்கே வந்தனீங்கள்? இஞ்சை ஒருத்தரும் வெல்லக் கூடாது!"

அறுபத்தெட்டாவது நிமிடத்தில் கோல் காத்த பரமனின் கண்ணில் வெயில் அடித்ததால்தான் பந்து தெரியாமல் உள்ளே போனது என்பது வரலாறு. ஒஸ்லோவில் ஜூன் மாத வெயிலை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பரமனின் மனைவி ராணியக்கா குளியலறைக் கண்ணாடியைத் தூக்கி வந்து, சரியான நேரத்துக்குப் புருசனின் கண்ணில் வெளிச்சம் அடிக்கவேண்டும். மழை என்றால் டோர்ச் லைட். அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுக்க ராணியக்கா சம்மதித்ததே இல்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அந்த அணியில் நானும் இருந்தேன். பதினைந்தாம் இலக்கம். மாற்று ஆள். மூன்று வருடமும் கோட்டோரத்துப் பலகை வாங்கில் குந்தியிருந்தேன், ஒரு நிமிடமும் இறங்கவில்லை. மூன்றாவது இறுதிப் போட்டியில் அறுபத்தோராவது நிமிடம் குகன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். எங்களைப் பழக்கிய மாஸ்டர் என்னை எழும்பச் சொன்னார். எழும்பினேன், கோட்டோரம் ஓடினேன், சப்பாத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினேன். அறுபத்து மூன்றாவது நிமிடம் குகன் எழும்பி நின்றுவிட்டான். மாஸ்டர் "இரு" என்றார். இருந்தேன். என் உதைபந்தாட்ட வாழ்க்கை அவ்வளவுதான்.

அதையும் நான் ஒவ்வொரு ஜூனிலும் செய்து காட்டவேண்டும். அதற்கென்று நிமிசம் அண்ணை பலகை வாங்கி அறுத்து, அந்தப் பழைய வாங்கின் நீளத்துக்கே ஒரு வாங்கு செய்து, காரின் கூரையில் கட்டிக்கொண்டு வருவார். அதன் இடது பக்கத்துக் கால் ஆடும். தச்சுப் பிழை இல்லை, வேண்டுமென்றே அரைவாசி அறுத்துவிட்டது. "அண்டைக்கும் இந்தக் கால்தான் ஆடினது" என்பார். மாஸ்டராக நிற்பதும் அவரே. பத்தொன்பது ஜூன் மாதங்கள் ஆடுகிற வாங்கில் இருந்து, எழும்பி, ஓடி, கயிறு கட்டி, அவர் "இரு" என்றதும் திரும்ப இருந்திருக்கிறேன். பெண்கள் கைதட்டுவார்கள்.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு எல்லோர்மேலும் எரிச்சல். குகனுக்கு இப்போது தலையில் ஒரு மயிரும் இல்லை, ஆனாலும் "இந்தத் தலையாலதானே மாமா அடிச்சனீங்கள்" என்று இங்கே பிறந்த பிள்ளைகள் தடவிப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். போகட்டும், கோல் போட்டவன். கோலை விட்ட பரமனுக்கும் அல்லவா பேரும் புகழும்! தோற்பித்தவனுக்கு ஒரு கண்ணாடியும் அதைப் பிடிக்க ஒரு ஆளும். எனக்கு ஆடுகிற வாங்கு. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் என் மகள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வாள், "அப்பா, இந்த வருசமும் சூரா வந்திருக்கிறீங்கள்." மூஞ்சி புளித்துப்போய் இருப்பவர்களை நோர்வேக்காரர் 'சூர்' என்பார்கள். வயிற்றெரிச்சல் என்ற சொல் அவளுக்குத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மே மாதம், குகனுக்கு முழங்காலில் ஒப்பரேசன். மூன்று மாதம் ஓடக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன், நல்ல கவலையாக முகத்தை வைத்துக்கொண்டேன். படியிறங்கும்போதே நிமிசம் அண்ணைக்குப் போன் போட்டேன்.

"அண்ணை, குகனுக்கு ஏலாதாம்."

"கேள்விப்பட்டனான்."

"அப்ப ஒரு ஆள் தேவைப்படுமெல்லோ."

"ஓம்."

"நான் சும்மாதான் இருக்கிறன்."

"எங்கை சும்மா இருக்கிறாய்? நீ வாங்கிலையெல்லோ இருக்கிறாய்."

சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த ஜூனில் குகனின் இடத்தில் அவர் கொண்டுவந்து நிறுத்தியது யாரை என்று நினைக்கிறீர்கள்? செந்தில் என்று, அவருடைய கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிற கம்ப்யூட்டர்க்காரப் பையனை. பையன் நல்லவன். கைகட்டிக்கொண்டு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான்.

"எனக்கு உங்க காலேஜ் எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியாதுங்கண்ணா. நான் கோயமுத்தூருங்க. ஸ்கூல்ல கேரம்போர்டு மட்டும்தாங்க ஆடிருக்கேன்."

"பரவாயில்லைத் தம்பி. பந்து வரேக்கை தலையை இப்பிடி வைச்சுக்கொண்டு நில்லும்" என்றார் அண்ணை.

பந்து வந்தது. செந்தில் பயந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றான். தலையில் பட்டு உள்ளே போனது. அவனைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்கள். ராணியக்கா ரோல்ஸ் ஊட்டிவிட்டார். கல்லூரி வாசலை மிதிக்காதவன்கூட எங்கள் இறுதிப் போட்டியில் கோல் போடலாம், அணியில் இருந்த நான் இறங்கக் கூடாது! அந்த ஆடுகிற வாங்கில் இருந்து பல்லைக் கடித்தேன். இன்றைக்கு இறங்குவது என்று முடிவெடுத்தேன்.

அறுபத்தொன்று. எழும்பினேன். ஓடினேன். கயிறு கட்டினேன். அறுபத்து மூன்று. "பதினைஞ்சு, இரு" என்றார் அண்ணை. நான் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. செந்திலின் காலடியிலிருந்த பந்தைப் பறித்தேன். "எடுத்துக்கோங்கண்ணா" என்று அவன் விலகி நின்றதையும் சொல்லவேண்டும். விசில் ஊதியது. ஊதிக்கொண்டே இருந்தது. நான் நிற்கவில்லை. கடைசியில் அண்ணையே ஓடி வந்து பந்தின்மேல் காலை வைத்தார்.

"என்ன செய்யிறாய் நீ? கொப்பியிலை இப்பிடி இல்லை."

"உங்கட கொப்பியும் மண்ணாங்கட்டியும்! ஆரெண்டு தெரியாதவனுக்கெல்லாம் இடம் குடுக்கிறியள். எனக்கு மட்டும் ஏன் அண்ணை இல்லை? நான் செத்தாலும் அந்த வாங்கிலதான் வைச்சு எரிப்பியளோ?"

எல்லோரும் கிட்ட வந்துவிட்டார்கள். குகன் ஊன்றுகோலோடு நொண்டி நொண்டி வந்தான். அண்ணை மூச்சு வாங்க நின்றார். பிறகு பொலித்தீன் உறையிலிருந்து அந்தக் கொப்பியை எடுத்து, கடைசிப் பக்கத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தார். இத்தனை வருடத்தில் அதை அவர் எங்களில் எவர் கையிலும் கொடுத்ததில்லை. பென்சில் எழுத்து மங்கியிருந்தது.

'61 – பதினைஞ்சு எழும்பினான். 62 – ஓடினான், கயிறு கட்டினான். 63 – மாஸ்டர் இருக்கச் சொன்னவர், இருந்தான். 64 – அழுகிறான். 65 – சேட்டு நுனியாலை முகத்தைத் துடைச்சான். 66 – கை தட்டுகிறான். 67 – அழுதுகொண்டு கை தட்டுகிறான்.'

அதன் கீழே அறுபத்தெட்டு என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் பென்சிலால் ஒன்றுமில்லை. 'கோல், பரமன், வெயில்' என்று பேனா மையில் பிறகு எழுதியிருந்தது.

"நான் அழுததை ஒருத்தரும் பாக்கேல்லை எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சனான்" என்றேன்.

"நான் பாத்தனான். உன்னைப் பாத்துக்கொண்டிருந்ததிலை கோலைப் பாக்கேல்லை. பரமன் சொன்னதைத்தான் பிறகு எழுதினன்."

ஒரு நிமிடம்கூடத் தவறவிடாத மனிதர் என்று நாங்கள் கொண்டாடியவர், கல்லூரியின் தலையெழுத்தைத் தீர்த்த அந்த நிமிடத்தைப் பார்க்கவே இல்லை! ராணியக்கா கண்ணாடியைக் கீழே வைத்தார். "அப்ப வெயில் அடிச்சதுக்கு இவர் மட்டும்தானே சாட்சி?" என்று கேட்டார். பரமன் தன் கையுறையைக் கழற்றி உள்ளும் புறமும் ஆராயத் தொடங்கினான்.

"என்னை ஏன் அண்ணை பாத்தனீங்கள்?"

"எரிச்சல்தான்" என்றார் அவர். "மூண்டு வருசமும் ரீமிலை இடம் கேட்டுப் போனனான். மாஸ்டர் என்னை வாங்கிலகூட இருத்தேல்லை. நீ அதிலை காலை ஆட்டிக்கொண்டு இருக்கிறாய். பாக்கப் பாக்க எனக்குப் பத்தி எரிஞ்சுது. அந்த வாங்கிலை ஒரு ஓரம் தந்தாப் போதும் எண்டு இருந்தது. பிறகு நீ அழுதாய். அதுக்குப் பிறகு எரிச்சல் வரேல்லை." கொப்பியை மூடினார். "குகனுக்கு ஆள் பிடிக்கலாம். பரமனுக்கும் பிடிக்கலாம். அந்த வாங்குக்கு உன்னை விட்டா நான் ஆரைப் பிடிக்கிறது?"

பந்தைச் செந்திலிடம் தட்டிவிட்டேன். திரும்பி நடந்துபோய் வாங்கில் இருந்தேன். கண்ணைத் துடைத்தது அறுபத்தைந்தாவது நிமிடத்துக்குச் சரியாக வந்ததா என்று தெரியாது. பிறகு தள்ளி இருந்து, ஆடாத பக்கத்தில் இடம் விட்டேன்.

"அண்ணை, வந்து இருங்கோ."

"அண்டைக்கு இதிலை நான் இருக்கேல்லை. கொப்பியிலை அப்பிடி இல்லை."

"எழுதுங்கோ."

அவர் கொஞ்ச நேரம் கோட்டோரம் நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார். பிறகு வந்து என் பக்கத்தில் இருந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

குகனைப் பார்த்தால் இப்போதும் எனக்கு எரிகிறது. ஆனால் ஜூன் மாதம் வந்தால் புல்வெளிக்கு முதல் ஆளாகப் போய் வாங்கின் மழைத்தண்ணீரைத் துடைத்துவைக்கிறவன் நான்தான். இரண்டு பேர் இருக்கிற அளவுக்குத் துடைக்கிறேன்.