விமானக் கம்பெனியின் ஸ்பூன் வரலாறு

பெற்ற அப்பாவையே காட்டிக்கொடுத்தவள் நான். அதுவும் மூன்று அதிகாரிகளுக்கு முன்னால், சிரித்த முகத்தோடு.

செம்பூரில் எங்கள் வீட்டில் கடையில் வாங்கிய ஸ்பூனே கிடையாது. தாத்தா தேசிய விமானக் கம்பெனியில் சுமை ஏற்றியவர். அப்பாவுக்கு அங்கேயே சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. (திருட்டா? சீச்சீ! "தூரப் போடுததத்தான எடுத்தாந்தோம்" என்பது அப்பாவின் கட்சி.)

அப்பா ரிட்டயர் ஆக இரண்டே மாதம் இருக்கும்போது, அதே கம்பெனியில் பணிப்பெண் வேலைக்கு எனக்கு இன்டர்வியூ வந்தது. கம்பெனியின் வரலாற்றை ஒரு வாரம் உருப்போட்டேன்.

"நம் கம்பெனி வளர்ந்த கதையைச் சொல்லுங்கள்" என்றார் நடுவிலிருந்த கண்ணாடிக்காரர்.

படித்ததெல்லாம் மறந்துவிட்டது. எங்கள் அடுப்படி ஸ்பூன் டப்பாதான் கண்முன் நின்றது.

"முதலில் தனியாரிடம் இருந்தபோது வெள்ளி முலாம் ஸ்பூன் சார். அரசாங்கம் எடுத்ததும் கனமான ஸ்டீல். நஷ்டம் வந்தது, ஸ்டீல் மெலிந்தது. இன்னும் நஷ்டம், பிளாஸ்டிக். மறுபடி தனியாருக்கு விற்றார்கள், மரக்கரண்டி!"

"இவ்வளவு விவரம் எப்படித் தெரியும்?"

"எல்லாம் எங்கள் வீட்டில் இருக்கிறதே சார்!"

அதோடு விட்டேனா? அப்பாவின் பெயர், பிரிவு, மொபைல் நம்பர் எல்லாம் ஒப்பித்தேன். கண்ணாடிக்காரர் எழுதி முடித்துப் பேனாவை மூடியபோதுதான் எனக்கு உறைத்தது.

"ஏட்டி, பெத்த அப்பன் வேலைக்கே உலை வச்சிட்டு வந்து நிக்கியே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அன்றே ஸ்பூன்களைப் பழைய சேலையில் கட்டி, லோக்கல் ரயிலில் டோம்பிவிலி சித்தி வீட்டுக்குக் கடத்தினோம். ரயில் குலுங்கும்போதெல்லாம் என் மடி கணகணவென்றது. லேடீஸ் பெட்டியே என்னைத் திரும்பிப் பார்த்தது.

மறுநாள் காலை அப்பாவின் மொபைல் அடித்தது. கண்ணாடிக்காரர்தான். அப்பா எழுந்து நின்று இந்தியில் கதறினார்: "ஸ்பூனா? எங்க வீட்டில் எல்லாரும் கையால்தான் சாப்பிடுகிறோம் சார்!"

பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். மெல்ல உட்கார்ந்தார்.

"கம்பெனியோட பழைய சாமானெல்லாம் கண்காட்சி வைக்காவளாம். ஸ்பூனு மட்டும் அவியகிட்ட ஒண்ணுகூட இல்லையாம். நம்மகிட்ட கேக்காவ."

சித்தியிடமிருந்து திரும்பக் கடத்தினோம். இப்போது அவை கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட்டில் படுத்திருக்கின்றன. அப்பாவும் மாலை மரியாதையோடு ரிட்டயர் ஆனார். எனக்குத்தான் வேலை கிடைக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து தேர்வானவை ஸ்பூன்கள் மட்டுமே.

இன்றும் சொந்தத்தில் யார் இன்டர்வியூவுக்குக் கிளம்பினாலும் அம்மா வாசல்வரை ஓடி வருவாள்.

"எதுக்கும் பையில ஒரு ஸ்பூனப் போட்டுக்கோ மக்கா!"