டெஸ்ட் சாருக்கு ஆள் குறைந்தது

திருவனந்தபுரத்தில் அடுத்தவன் போனை டெஸ்ட் சார் அளவுக்குத் தடவிய மனிதன் கிடையாது. போலீஸ்காரன்கூட இல்லை.

கழக்கூட்டத்தில் என் டீக்கடைக்கு விடிந்ததும் வருவார். டீ கேட்கமாட்டார், கையை நீட்டுவார். கொத்தனார்கள் வரிசையாகப் போனைக் கொடுப்பார்கள்.

அவர் ஊர் மலைமேல் போனக்காடு எஸ்டேட். அங்கே லைன் வீட்டில் யாருக்கு மூச்சு முட்டினாலும் வண்டி கிடையாது. அவர் அம்மாவுக்கு ஆஸ்துமா. பொத்தானை அமுக்கினால் அடிவாரத்து வித்துரா ஜீப் டிரைவர்களுக்கு மணி அடிக்கிற ஆப் ஒன்றைத் தனியாளாகச் செய்தார். ஆப் ஸ்டோரில் வராததைப் போனில் ஏற்றினால் பேங்குப் பணம் போய்விடும் என்று டிரைவர்கள் பயந்தார்கள்.

ஸ்டோர்க்காரர்களோ, புது ஆள் என்றால் இத்தனை பேர் இரண்டு வாரம் விடாமல் அதை வைத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். ஆள் குறைந்தால் மறுபடி முதலிலிருந்து.

முருகன் மேஸ்திரி ஒருமுறை ஆப்பை அழித்துவிட்டார்.

"எடம் இல்ல சாரே. மச்சினி கல்யாண வீடியோ."

"கல்யாணம் கழிஞ்சு போச்சல்லே? இனி எதுக்கு அது?"

"அதை எங்க வீட்டுக்காரிகிட்ட நீங்க சொல்லுங்க."

சார் எஸ்டேட்டில் இருந்த அம்மாவையும் சேர்த்து முதலிலிருந்து எண்ணினார்.

நாள் நிறைந்ததும் ஸ்டோருக்கு அனுப்பினார். யாரும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். பிறகு எல்லாரும் டீ குடித்துக்கொண்டே பொத்தானை அமுக்கினார்கள். சோதனை முடியும்வரை மணி டிரைவர்களுக்குப் போகாது, டெஸ்ட் சார் போனில்தான் அடிக்கும். கோயில் மணி தோற்றது.

ஒரு காலையில் அம்மா பெயரில் அடித்தது.

"கண்டோ, அம்மையும் டெஸ்ட் பண்ணுது" என்று சிரித்தார். மறுபடி அடித்தது. மறுபடியும். சிரிப்பு நின்றது. அவர் கூப்பிட்டார். அங்கே யாரும் எடுக்கவில்லை.

அவர் மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடித்து வந்தார். கை நீட்டவில்லை. "ஒரு ஆள் குறையுது அண்ணாச்சி" என்றார்.

மேஸ்திரி மெல்லச் சொன்னார்: "அம்மா போன் உங்க கையிலதானே சாரே? நீங்களே தட்டுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"வேண்டாம். அம்மை போயிட்டு."

"பின்ன இனி யாருக்கு இதெல்லாம்?"

"லைன்ல வேற அம்மைமாரும் உண்டல்லே."

அதுவரை என் கையில் பட்டன் போன்தான். அன்று கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுப் போய்ப் புதுப் போன் வாங்கினேன். மறுநாள் அவர் கேட்குமுன் நீட்டினேன்.

அம்மா இருந்த இடத்தில் என் பெயரை ஏற்றினார். எனக்கு அது போதும்.