காரை விற்றவன் நான், கார்க்காரி அவள்

இனி இந்த வீட்டில் எதையும் யாரிடமும் கேட்டுச் செய்யப்போவதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை முடிவெடுத்தேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் காரை விற்றுவிட்டேன்.

என் பெயர் மொகாகா. கிசி ஊரில், சந்தைக்கு மேலே ஏறும் மேட்டில், இடித்த கட்டடங்களின் கதவு, ஜன்னல், தகரம் எல்லாம் வாங்கி விற்கிறேன். பள்ளிக்கூடம் என்னை எட்டாம் வகுப்போடு வெளியே தள்ளியது. அதற்குப் பிறகு என்னைத் தள்ளிய ஆள் இந்தக் கென்யாவில் கிடையாது. என்னிடம் பேரம் பேச வந்தவன் கேட்க நினைத்த விலையை மறந்திருக்கிறான். சிலபேர் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து கதவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கிசுமுவில் ஒரு பழைய ஹோட்டலை இடித்தார்கள். இரும்பு ஜன்னல் மட்டும் ஒரு லாரி தேறும். அன்றைக்கே முன்பணம் வைத்தால்தான் எனக்கு. வாசலில் கார் நின்றது. நசுங்கிய பக்கத்தை விட்டுவிட்டு நல்ல பக்கத்தைப் படம் பிடித்து இணையத்தில் போட்டேன். ‘ஒரே கை ஓட்டியது, அதுவும் பெண் கை.’ மதியத்துக்குள் காகமேகாவிலிருந்து ஷிதாண்டா என்ற ஓய்வுபெற்ற வாத்தியார் ரொக்கத்தோடு வந்து இறங்கினார். தொப்பி, கண்ணாடி, மெல்லிய குரல். அவரைப் பிழிந்தெடுத்தேன். விலை முடிந்த பிறகு, அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், நல்ல பேட்டரியைக் கழற்றிக் கடையில் கிடந்த கிழட்டு பேட்டரியை மாட்டினேன். தொழில் பழக்கம், கை சும்மா இருக்காது.

ஒரே ஒரு சின்ன விஷயம். கார் என் மனைவி கெமுந்தோ பெயரில் இருந்தது.

அதுவும் என் மூளைதான். எனக்கு நாலு சகோதரர்கள். ஒருவனுக்குக் கல்யாணம், ஒருவனுக்குச் சாவு, ஒருவனுக்குப் பசுமாட்டை ஏற்றிப் போகவேண்டும், எல்லாவற்றுக்கும் என் கார். அவர்களுக்கு மேலே அப்பா. அதனால் வாங்கும்போதே அவள் பெயரில் எழுதிவிட்டு, “கார் அவளுது, அவளைக் கேளுங்க” என்றேன். எங்களில் மாமனார் மருமகளின் வாசற்படி ஏறமாட்டார், முகம் பார்த்து ஒரு பொருள் கேட்கமாட்டார். கெமுந்தோவிடம் கேட்கும் தைரியம் என் சகோதரர்களுக்கும் கிடையாது. கார் தப்பித்தது. அந்தக் காரில்தான் அவள் வாழைத்தார் ஏற்றி வியாபாரம் பார்த்தாள். அவள் பெயர் காகிதத்தில்தானே இருக்கிறது என்று நான் இருந்தேன்.

அன்று சாயங்காலம் சந்தையிலிருந்து வந்தவள் வெற்று வாசலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “ம்” என்றாள். கத்தியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

புதன்கிழமை விடிந்ததும் வாத்தியார் வந்தார். பெயர் மாறும்வரை அவர் தங்கியிருந்த பக்கத்து விடுதியிலிருந்து காரை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் கையில் ஒரு மடக்கு நாற்காலி. என் வாசலில் அதை விரித்து உட்கார்ந்தார்.

“முதலாளி, கார் ஓடல.”

“திங்கட்கிழமை ஓடுச்சே வாத்தியாரே.”

“திங்கட்கிழமை அதுல வேற பேட்டரி இருந்துச்சு.”

“பார்த்துத்தானே வாங்கினீங்க. பார்த்தபடி வித்தேன்.”

“சரி, பேட்டரியை விடுங்க. பேர் எங்க? மறுநாளே மாத்தித் தர்றேன்னீங்க. இன்னும் உங்க வீட்டம்மா பேர்லயே இருக்கு. வழியில போலீஸ் நிறுத்தி யார் வண்டின்னு கேட்டா என்ன சொல்றது?”

“என் பொண்டாட்டிதானே. ஒரே வீடு, ஒரே பானை.”

“அப்போ அந்தப் பானையில இருந்து என் காரை எடுத்துக் குடுங்க. இல்ல, பணத்தைக் குடுங்க. வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் இங்க உட்கார்ந்திருப்பேன். அதுக்கப்புறம் ஸ்டேஷன்ல உட்கார்ந்திருப்பேன். உங்களுக்கும் பக்கத்துல இடம் போடச் சொல்றேன்.”

பணம் கிசுமுவில் ஜன்னலாகிவிட்டது. மனைவியின் காரை விற்றவன் என்று ஸ்டேஷனில் எழுதினால், சந்தையில் என்னிடம் ஒரு கொண்டிகூட எவனும் வாங்கமாட்டான். பெயர் மாற்ற ஒரே வழி, அரசாங்கத்தின் இணையக் கணக்கில் உரிமையாளர் தன் போனிலிருந்து சம்மதம் தரவேண்டும். உரிமையாளர் சமையலறையில் வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

“மொரா அம்மா, உன் போனைக் கொஞ்சம் குடு.” மொரா எங்கள் மகள், மொம்பாசாவில் படிக்கிறாள்.

“எதுக்கு?”

“ஒரு பேர் மாத்தணும்.”

“யார் பேரை?”

“காரோட பேரை.”

“எந்தக் கார்?”

“வாசல்ல நிக்குதே, அது.”

“அதுவா. அது என் காராச்சே.”

“அதை நான் வித்துட்டேன்னு உனக்குத் தெரியும்ல?”

“என் காரை யாரோ வித்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். பாவம், அந்த வாத்தியாரும் அந்த ஆளைத்தான் தேடிட்டு வந்திருக்காரு.”

“உன் பேர்ல எழுதினதே நான்தான்டி. என் கூடப்பிறந்தவங்க கையில மாட்டாம காப்பாத்த.”

“நல்லாக் காப்பாத்துனீங்க, மொரா அப்பா. உங்க கையிலயும் மாட்டாம பண்ணிட்டீங்க.”

சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். என் மாட்டுப் பாலில், என் எதிரிக்கு. எனக்கு வந்த கோபத்துக்கு நேரே கடைக்குப் போய், ஜன்னல் ஏற்றி வந்த லாரிக்காரனிடம் மதியம் வரைக்கும் கத்தினேன். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. திரும்பி வந்தபோதும் வாத்தியார் அதே நாற்காலியில். அவருக்குக் களியும் வேளைக்கீரையும் பரிமாறியிருந்தாள். எனக்குக் களி மட்டும்.

வியாழக்கிழமை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து மேசையிலிருந்த போனைத் தூக்கினேன். நாலு இலக்க ரகசிய எண் கேட்டது. மொரா பிறந்த வருஷமாகத்தான் இருக்கும் என்று ஒரு வருஷம் போட்டேன். போன் கூவியது. வேறொரு வருஷம் போட்டேன். இன்னும் சத்தமாகக் கூவியது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. “மொரா அப்பா,” என்றாள் தட்டிக்குப் பின்னாலிருந்து, “பெத்த பொண்ணு எப்போ பிறந்தான்னு தெரியாதவங்களுக்கு அது திறக்காது.”

போனைக் கீழே வைத்தேன். வாசலில் வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தபடி, “நாளைக்கு மதியம், முதலாளி,” என்று ஞாபகப்படுத்தினார். இரவில் பக்கத்து விடுதியில் படுப்பார். சேவல் கூவும்போது நாற்காலிக்கு வந்துவிடுவார்.

கடைசி ஆயுதம் அப்பா. அன்று மாலையே கூட்டி வந்தேன். வேலிக்கு வெளியே நின்றவர் உள்ளே வர மறுத்துவிட்டார். மருமகளோடு நேரே பேசுவதா என்று என்னை முறைத்தார். அப்புறம், வேலியில் கட்டியிருந்த எங்கள் ஆட்டைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

“ஆடே, குடும்பத் தலைவன் ஜெயிலுக்குப் போனா அந்த வீட்டுக்கு அழகா?”

கெமுந்தோ உள்ளேயிருந்து, அவளும் ஆட்டிடம்தான்: “ஆடே, பெரியவருக்குக் கால் வலிக்கும். அந்தக் கல்லுல உட்காரச் சொல்லு.”

அப்பா உட்கார்ந்தார். “ஆடே, போன்ல என்னமோ அழுத்தினா போதுமாமே.”

“ஆடே, போன மழையில பெரியவருக்கு மூச்சு முட்டினப்போ ஆஸ்பத்திரி வரைக்கும் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எந்த வண்டின்னு கேளு. அடுத்த மழைக்கு எந்த வண்டின்னும் கேளு.”

அப்பா ஆட்டின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு வேலியில் அவள் மாட்டிவைத்த வாழைப்பழச் சீப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“டேய், ஆடு சொல்றதுல நியாயம் இருக்குடா,” என்றார் என்னிடம். போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறியது. வாத்தியார் தொப்பியை எடுத்துத் தட்டினார். நாற்காலியின் ஒரு காலை மடக்கினார். இரண்டாவது காலில் கை வைத்தார். சமையலறைக்கு ஓடினேன்.

“சரி. என்ன வேணும் உனக்கு? கேளு.”

கத்தியைத் துடைத்து வைத்தாள். “கடை வாசல்.”

“என்னது?”

“ரோட்டைப் பார்த்த பாதி. என் வாழைத்தாருக்கு. கார்தான் போயிடுச்சே, இனி வாங்குறவங்க என்னைத் தேடி வரணும்.”

“அது கடையோட முகம்டி.”

“முகத்துல பாதி போதும்.”

“கால்வாசி எடுத்துக்க.”

“பாதி. அப்புறம் ஜன்னல் வித்து ஒரு பிக்கப் வாங்குறீங்க. அதுவும் என் பேர்ல.”

“பிக்கப்பை முதல்ல நீ சொல்லவே இல்லையே?”

“நீங்க கால்வாசின்னதும் சேர்த்துக்கிட்டேன். இன்னொரு தடவை குறைச்சீங்கன்னா பின்பக்கமும் கேட்பேன்.”

இப்படிப் பேரம் பேசுகிறவளோடு இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் படுத்திருந்திருக்கிறேன். யாராவது என்னை எச்சரித்திருக்கலாம். வெளியே நாற்காலியின் இரண்டாவது கால் மடங்கும் சத்தம் கேட்டது.

“மழைக்காலம் முடியற வரைக்கும்னு வச்சுக்கலாமா?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“பின்பக்கத்துல தகர ஷெட்டும் சேர்ந்ததுதானே?”

“பாதி,” என்றேன் அவசரமாக. “எப்பவும் பாதி. பிக்கப்பும். உன் பேர்ல.”

“மொரா மேல சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினேன். போனை எடுத்தாள். இரண்டு விரலால் என்னவோ தட்டினாள். அடுப்பிலிருந்த பாத்திரத்தை ஒருதரம் கிளறினாள். மறுபடி தட்டினாள்.

“ஆச்சு. போய்ச் சொல்லுங்க. கார் அவருதுதான்.”

முகத்தைக் கழுவினேன். சட்டையை இழுத்துவிட்டேன். தோற்றவன் தோற்றவனைப் போல வெளியே போகக்கூடாது, வியாபாரத்தில் முதல் பாடம் அது. நெஞ்சை நிமிர்த்தி வாசலுக்கு வந்தேன்.

“வாத்தியாரே, உங்க போனைப் பாருங்க. பேர் மாறியாச்சு. என் வீட்டுல நான் ஒண்ணு சொன்னா நடக்கும். கொஞ்சம் நேரமாகும், ஆனா நடக்கும்.”

அவர் போனை எடுக்கவில்லை. நாற்காலியை ஒழுங்காக மடக்கிக் காரின் பின்சீட்டில் வைத்தார்.

“அது புதன்கிழமையே என் பேருக்கு வந்துடுச்சு முதலாளி.”

“புதன்கிழமையா?”

“நீங்க கடைக்குக் கத்தப் போனீங்களே, அப்போ. டீ ஆறக்கூட இல்ல. நேத்து நீங்க உங்க அப்பாவைக் கூட்டிட்டு வரப் போனப்போ, உங்க கடையில இருந்து நல்ல பேட்டரியையும் அம்மாவே எடுத்துட்டு வந்து மாட்டச் சொல்லிட்டாங்க. ரொம்ப நியாயமான மனுஷி.”

“அப்போ ஏன்யா மூணு நாளா இங்க உட்கார்ந்திருந்தீங்க?”

“அம்மா கேட்டுக்கிட்டாங்க. வீட்டுக்காரர்கிட்ட ஒரு விஷயம் பேசி முடிக்கணும், நீங்க வாசல்ல இருந்தா பேச்சு சீக்கிரம் முடியும்னாங்க.”

எனக்கு வாயில் வந்தது ஒரே கேள்விதான். வியாபாரிக்கு வேறென்ன வரும்? “அதுக்கு எவ்வளவு வாங்கினீங்க?”

“குடுக்கத்தான் வந்தாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்.” கார் ஒரே திருகில் கிளம்பியது. கார் ஜன்னலை இறக்கி, அதே மெல்லிய குரலில் சொன்னார்: “திங்கட்கிழமை நீங்க என்கிட்ட பேரம் பேசின அழகுக்கு, இதை நான் காசு வாங்காமலே செய்யணும்னு தோணுச்சு.”

இத்தனை வருஷ வியாபாரத்தில் எனக்கு ஒரு ஆணிகூட இலவசமாகக் கிடைத்ததில்லை. அவளுக்கு ஒரு வாத்தியாரே கிடைத்திருக்கிறார்.